எழும்பூர் மியூசியம் வெண்கலச் சிலைங்க: பாட்டி பூ வைக்கலாமான்னு கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல

#1 செம்பருத்தி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பசங்களுக்கு எக்ஸாம் முடிஞ்ச கையோட எழும்பூர் மியூசியம் போயிருந்தோம். வெயில் இப்பவே மண்டையப் பொளக்குது, சித்திரை பொறந்தா இன்னும் என்ன ஆகுமோன்னு பங்குனியிலயே போயிட்டு வந்துடலாம்னு கிளம்புனோம். நான், பையன், என் மாமியாரோட அம்மா. அவங்களுக்கு எண்பத்தி ரெண்டு வயசு, பையனுக்குக் கொள்ளுப்பாட்டி, நாங்க எல்லாரும் பாட்டின்னுதான் கூப்பிடுவோம்.

டைனோசர் இருக்கும்னு ஆசையா வந்தவன் திமிங்கல எலும்பைப் பாத்து ஒருவழியா சமாதானம் ஆயிட்டான். அப்புறம் வெண்கல கேலரிக்குள்ள போனோமா, திருவாலங்காட்டு நடராஜர் முன்னாடி பாட்டி அப்படியே நின்னுட்டாங்க. செருப்பை ஓரமா கழட்டி வச்சாங்க, கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, அப்புறம் கொண்டைல இருந்த மல்லிப்பூவைக் கொஞ்சம் கிள்ளி அங்க இருந்த காவலர்கிட்ட "தம்பி, காலடியில இத வச்சுக்கவா"ன்னு கேட்டாங்க. அவரு பாவம், "வைக்கக்கூடாது பாட்டிம்மா, வெளிய ஒரு பிள்ளையார் இருக்காரு, அங்க வைங்க"ன்னு ரொம்ப தன்மையாத்தான் சொன்னாரு. பாட்டி ஒண்ணும் சொல்லல, பூவ மறுபடி தலையிலயே சொருகிக்கிட்டாங்க.

ஆட்டோல வரும்போதுதான் கேட்டாங்க, "இந்த சாமியெல்லாம் எந்த ஊர்க் கோயில்லேர்ந்து தூக்கிட்டு வந்தாங்க? அந்த ஊருக்காரங்க சும்மாவா விட்டாங்க?" எனக்கு பதிலே தெரியல. இங்க விஷயம் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க. இதெல்லாம் மியூசியத்துக்கு எப்படி வந்துச்சு? இப்பவும் புதுசா வருதா?

#2 மோர்க்குழம்பு

எல்லாம் வெள்ளைக்காரன் கோயில்லேர்ந்து அள்ளிக்கிட்டு வந்ததுதான், வேற எப்படி வரும். எல்லாத்தையும் அந்தந்த ஊருக்கே திருப்பிக் குடுக்கணும். அவ்ளோதான் மேட்டர்.

#3 கல்வெட்டுப்பைத்தியம்

மோர்க்குழம்பு, இப்படி ஒரே வரில முடிச்சுட்டா எப்படி நண்பா. வெள்ளைக்காரன் அள்ளுனதும் உண்டு, அது வேற கதை. ஆந்திராவுல இருக்கற அமராவதியோட பளிங்குச் சிற்பங்கள 1845ல வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்புனாரு, அதுல ஒரு பெரிய பங்கு 1859ல கப்பலேறி லண்டன் போயிடுச்சு, மிச்சம் எழும்பூர்ல இருக்கு. ஆனா வெண்கலச் சிலைங்க அப்படி இல்ல. அதுல நிறைய மண்ணுக்குள்ளேர்ந்து வந்தது. வயல்ல ஏர் ஓட்டும்போது, கிணறு வெட்டும்போது, வீட்டுக்கு வாணம் தோண்டும்போது கெடச்சது.

மியூசியம் 1851ல ஆரம்பிச்சது. மொதல்ல காலேஜ் ரோட்டுல இருந்துச்சு, 1854ல தான் இப்ப இருக்கற பாந்தியன் சாலைக்கு வந்துச்சு. பொறுப்பா இருந்தவரு எட்வர்ட் பால்ஃபர், டாக்டர். மியூசியத்துக்குள்ளயே உயிரோட மிருகங்கள வச்சு ஒரு மிருகக்காட்சி சாலையே நடத்துனவரு, புலியப் பாக்க வர்ற கூட்டம் கல்லையும் பாத்துட்டுப் போகும்னு கணக்கு. இன்னிக்கு உங்க பையன் டைனோசருக்காக வந்து நடராஜரப் பாத்த அதே கதைதான் ஹிஹி.

#4 பழைய_ரெவின்யூ

செம்பருத்தி அம்மா கேட்டதுக்கு நான் சொல்றேன். நான் வருவாய்த்துறையில முப்பத்தி நாலு வருஷம், கிராம நிர்வாக அலுவலரா சேந்து தாசில்தாரா ரிட்டயர் ஆனவன், டெல்டா ஜில்லா. என் சர்வீஸ்ல மூணு தடவ புதையல் கேஸ் பாத்திருக்கேன்.

1878ல வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னைக்கும் நடைமுறையில இருக்கு. மண்ணுக்குள்ளேர்ந்து பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது கெடச்சாலும் கண்டெடுத்தவன் கலெக்டருக்குத் தகவல் குடுக்கணும். அந்தப் பத்து ரூபாய இன்னும் மாத்தல, இன்னிக்கு பத்து ரூபாய்க்கு ஒரு டீ கூட வராது. தகவல் வந்ததும் நாங்க போயி பஞ்சநாமா, அதாவது சாட்சிங்க முன்னாடி என்னென்ன கெடச்சுதுன்னு பதிவு எழுதி, பொருள சீல் வச்சு தாலுகா கஜானாவுக்குக் கொண்டு போவோம். அப்புறம் யாருக்காச்சும் உரிமை இருக்கான்னு அறிவிப்பு ஒட்டி விசாரணை. யாரும் வரலன்னா சட்டப்படி கண்டெடுத்தவனுக்கு முக்கால், நிலத்துக்காரனுக்குக் கால். அவங்களுக்குள்ள வேற ஒப்பந்தம் இருந்தா அதன்படி. அரசாங்கம் எடுத்துக்கணும்னா உலோகத்தோட மதிப்பும் அதுக்கு மேல அஞ்சுல ஒரு பங்கும் குடுத்துட்டு எடுத்துக்கலாம். கவனிங்க, உலோகத்தோட மதிப்பு. சிலையோட மதிப்பு இல்ல. சோழர் காலத்து சோமாஸ்கந்தரா இருந்தாலும் சட்டத்துக்கு அது இத்தன கிலோ செம்பு.

மொத கேஸ் எனக்கு மறக்கவே மறக்காது. சித்திரை மாசம், குளம் தூர் வாரும்போது ஒரு அம்மன் சிலை, ஒரு சண்டிகேஸ்வரர், ரெண்டு தூபக்கால். நான் போறதுக்குள்ள ஊர்ஜனம் சிலைய தண்ணி ஊத்திக் கழுவி மஞ்சள் பூசி புடவை கட்டி தேங்காய் ஒடச்சு முடிச்சாச்சு. "சார், ஆத்தாவ கூட்டிட்டுப் போகாதீங்க"ன்னு ஒரு அம்மா என் கையப் புடிச்சு அழுதுச்சு. ஜீப்புல முன் சீட்டுல வச்சு எடுத்துட்டு வந்தோம், பின்னாடி போட மனசு வரல. கஜானாவுல வச்ச அன்னிக்கு எங்க ஹெட் கிளார்க் ரூம் வாசல்ல கோலம் போட்டு வச்சிருந்தாரு.

#5 செம்பருத்தி

சார் படிக்கும்போதே கண்ணு கலங்குது. அந்த அம்மன் இப்ப எங்க இருக்காங்க?

#6 பழைய_ரெவின்யூ

மியூசியம்தான்மா. இன்னொரு கேஸ்ல அறநிலையத்துறை எங்க கோயில் நிலம்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அத பத்தி அப்புறம் சொல்றேன், அதுதான் மனசு கஷ்டப்படற கதை.

#7 டீக்கடைபெஞ்சு

ஒரு டவுட். சாமி சிலைய ஏன் மண்ணுல பொதச்சாங்க? யாரு பொதச்சா?

#8 கல்வெட்டுப்பைத்தியம்

படையெடுப்பு வருதுன்னு சேதி கெடச்சதும் கோயில்காரங்களே பொதச்சதுதான் நிறைய. 1311ல மாலிக் காபூர் வந்தது ஒண்ணு, அதுக்கப்புறமும் தெக்கே அமைதியா இருந்த காலம் கம்மி. சும்மா குழி தோண்டிப் போடல, அதுக்கும் ஆகமத்துல முறை இருக்கு. பத்திரமா உள்ள வச்சு மண்ண மூடிட்டு ஓடிப் போனவங்கள்ல திரும்பி வந்தவங்க எத்தன பேரு, வந்தவங்கள்ல இடம் ஞாபகம் இருந்தவங்க எத்தன பேரு. அப்படியே அறுநூறு எழுநூறு வருஷம்.

இப்பவும் வருதான்னு கேட்டீங்களே. 2023 ஏப்ரல்ல சீர்காழி சட்டைநாதர் கோயில்ல கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை போடறதுக்குத் தோண்டும்போது இருபதுக்கு மேல சாமி சிலைங்களும், நானூறுக்கு மேல தேவாரம் எழுதுன செப்பேடுகளும் கெடச்சுது. யோசிச்சுப் பாருங்க, சம்பந்தர் பொறந்த ஊரு, அந்தக் கோயில் மண்ணுக்குள்ளயே தேவாரம். 1987ல விழுப்புரம் பக்கம் எசாலம் கோயில் திருப்பணியிலயும் இதே மாதிரி சிலைங்களும் ராஜேந்திர சோழன் செப்பேடும் கெடச்சுது.

நாகப்பட்டினத்து புத்தர் சிலைகளும் அப்படித்தான். 1856லேர்ந்து பல தடவையா முந்நூத்தி அம்பது வரைக்கும் கெடச்சிருக்கு. எழும்பூர்ல நிறைய இருக்கு. அதுக்கு எந்த ஊர்ல கொண்டுபோயி திருப்பிக் குடுப்பீங்க மோர்க்குழம்பு? அந்த புத்த விகாரமே இல்லையே இப்ப.

#9 மோர்க்குழம்பு

சரி புத்தர் ஓகே, ஒத்துக்கறேன். ஆனா கோயில் இன்னும் இருக்கற ஊரு? திருவாலங்காடு இருக்கு, திருவெண்காடு இருக்கு, பூஜை நடக்குது. அந்த சாமிய ஏன் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கணும்? மயிலாப்பூர்ல இதே பங்குனியில அறுபத்து மூவர் அன்னிக்கு அத்தன நாயன்மாரும் பல்லக்குல தெருவுக்கு வர்றாங்க, ஜனங்க மோர் பந்தல் வச்சு நிக்குது. அதுவும் வெண்கலம்தான் இதுவும் வெண்கலம்தான். ஒண்ணுக்கு ஆயிரம் பேரு தோள் குடுக்கறான், இன்னொண்ணுக்கு ஒரு நம்பர் ஒட்டி வச்சிருக்கான். உற்சவ மூர்த்தின்னாலே வெளிய வரத்தானே செஞ்சது.

#10 மெழுகுக்கரு

நான் சுவாமிமலை. சிற்பக் கூடத்துல பதினோரு வருஷமா வேலை, அப்பாவும் இதே தொழில். மோர்க்குழம்பு அண்ணன் சொன்னதுல ஒரு விஷயம் நூத்துக்கு நூறு. அடுத்த தடவ போகும்போது சிலைய மட்டும் பாக்காதீங்க, பீடத்தப் பாருங்க. ரெண்டு பக்கமும் வளையமோ ஓட்டையோ இருக்கும், மூங்கிலோ கம்போ சொருகித் தூக்கறதுக்கு. திருவாசி, அதாவது சாமியச் சுத்தி நிக்கற வளைவு, அத மாட்டறதுக்கும் தனியா துளை இருக்கும். திருவாலங்காட்டு நடராஜருக்கு இப்ப திருவாசி இல்ல, விரிஞ்ச சடையும் இல்ல. அதனாலதான் அந்த ஒடம்போட பேலன்ஸ் பளிச்சுனு தெரியுது. அது செஞ்சவன் நெனச்ச உருவம் இல்ல, மண்ணும் காலமும் கழிச்சது போக மிச்சம் நிக்கற உருவம்.

எங்க வேலை எப்படின்னா தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேத்து காய்ச்சி மொதல்ல சாமிய மெழுகுலயே முழுசா செஞ்சுருவோம், அளவெல்லாம் தென்னை ஓலைக் கீத்த மடிச்சு மடிச்சுத்தான், ஸ்கேல் எல்லாம் அப்புறம் வந்தது. அது மேல காவேரி வண்டல் மண்ண மெல்லிசா பூசி, காய வச்சு, திரும்ப பூசி, கம்பி கட்டி, வறட்டி அடுக்கி சூடு காட்டுனா மெழுகு உருகி ஓடிரும், அந்த எடத்துல உலோகத்த ஊத்தணும், மெழுகு என்ன எடையோ அதுக்கு எட்டு ஒம்போது மடங்கு உலோகம் வேணும். ஆறுன பிற்பாடு மண்ண ஒடைக்கணும். ஒடச்சா கரு, அதாவது அச்சு, போச்சு. ரெண்டாவது காப்பி வராது. அதனாலதான் ஒரு சிலை மாதிரி இன்னொண்ணு இருக்காது.

ஆனா திருப்பிக் குடுக்கறதப் பத்தி எனக்கு ரெண்டு மனசு. திருவெண்காட்டு அர்த்தநாரி எழும்பூர்லதான் இருக்கு. அப்பா என்னைய பத்து வயசுல கூட்டிட்டுப் போயி அது முன்னாடி ஒக்கார வச்சுட்டாரு. "சிவன் பக்கம் ரெண்டு கை, அம்பாள் பக்கம் ஒரு கை. கை எண்ணிக்கை வித்தியாசம் கண்ணை உறுத்துதா பாரு"ன்னு கேட்டாரு. உறுத்தல. சிவன் பக்கம் ஒரு கை நந்தி மேல சாஞ்ச மாதிரி மடங்கி இருக்கும், நந்தி கெடைக்கல, ஆனா அந்தக் கையப் பாத்தா நந்தியோட உசரம் தெரியும். அம்பாள் பக்கம் இடுப்பு வளைஞ்சு துணி கணுக்கால் வரைக்கும், சிவன் பக்கம் துணி தொடையோட நின்னுரும். ரெண்டையும் நடுவுல சேத்த கோடு எங்கன்னு தேடுனேன், கெடைக்கல. இது கோயில்ல இருந்திருந்தா பட்டும் மாலையும் போட்டு மூஞ்சி மட்டும்தான் தெரியும். நான் எங்க போயி கத்துக்கறது?

#11 செம்பருத்தி

தம்பி நீங்க சொன்னதப் பாட்டிக்குப் படிச்சுக் காட்டுனேன். "அலங்காரம் இல்லாம சாமியப் பாத்தா எனக்குக் கூச்சமா இருந்துச்சுடி, அதான் பூ குடுத்தேன்"ங்கறாங்க 😄

#12 மெழுகுக்கரு

பாட்டி சொல்றது எங்க அப்பாவுக்கு வெளங்கும். அவரு கண் தொறந்த சிலைய துணி போட்டு மூடித்தான் வண்டியில ஏத்துவாரு.

#13 கெமிஸ்ட்ரி_வாத்தி

கோயில்ல வச்சா நல்லதா மியூசியத்துல வச்சா நல்லதான்னு பேசும்போது ஒரு விஷயத்த விட்டுறீங்க. பச்சைப் பொடி. மண்ணுல கெடந்த வெண்கலத்துல உப்பு ஏறி இருக்கும், அதுல இருக்கற குளோரைடு செம்போட சேந்து உள்ளயே ஒளிஞ்சுக்கும், ஈரக்காத்து பட்டா வெளிர்பச்சையா பொடி பொடியா உதிர ஆரம்பிக்கும், அப்படியே குழி விழும். வெண்கல நோய்னே அதுக்குப் பேரு. ஈரத்தக் கட்டுப்படுத்தலன்னா நிக்காது, அதுலயும் நம்ம ஊரு கடலோரம். எழும்பூர்ல 1930கள்லயே இதுக்குன்னு கெமிக்கல் லேப் வச்சு, மின்சாரம் பாய்ச்சி உப்ப வெளிய இழுக்கற முறையெல்லாம் செஞ்சிருக்காங்க, நம்ம நாட்டுல அதுல முன்னோடி. அந்தப் பக்கம் கோயில்ல புளியும் விபூதியும் போட்டுத் தேச்சுத் தேச்சு மூக்கு முழியே மழுங்கிப் போன சிலைங்க எத்தன. நான் கோயிலுக்கு எதிரி இல்லைங்க, தேய்க்காதீங்கன்னுதான் சொல்றேன்.

#14 மோர்க்குழம்பு

தேஞ்சா என்ன சார். ஆயிரம் வருஷம் அபிஷேகம் பண்ணித் தேஞ்ச மூக்கு. அதுதான் அதோட வாழ்க்கை.

#15 கெமிஸ்ட்ரி_வாத்தி

இது நல்ல பதில்தான். ஒத்துக்க முடியல, ஆனா நல்ல பதில்.

#16 டீக்கடைபெஞ்சு

👏👏

#17 அடிலெய்ட்_அக்கா

ஆஸ்திரேலியாலேர்ந்து. இங்க நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். கான்பெர்ரா நேஷனல் கேலரி 2008ல அஞ்சு மில்லியன் டாலர் குடுத்து ஒரு நடராஜர வாங்குனாங்க. புது வரவுன்னு பெரிய கொண்டாட்டம். அது அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில்லேர்ந்து திருடுனது. கோயில் பூட்டியே கெடந்ததுனால திருடு போனதே ஊருக்கு ரொம்ப நாள் தெரியல. வித்தவர் சுபாஷ் கபூர், நியூயார்க் டீலர். பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்காரங்க 1950கள்லேர்ந்து கோயில் கோயிலா போயி சிலைங்கள போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க பாருங்க, அதுதான் காட்டிக் குடுத்துச்சு. 2014 செப்டம்பர்ல அப்ப ஆஸ்திரேலியா பிரதமரா இருந்த டோனி அபாட் டெல்லி வந்தப்ப கையோட கொண்டாந்து குடுத்தாரு.

நான் இருக்கற அடிலெய்ட் கேலரியிலயும் ஒண்ணு இருந்துச்சு. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர், 1982ல திருடு போனது, இவங்க 2001ல வாங்குனது. நான் பல தடவ அது முன்னாடி நின்னிருக்கேன், எந்த ஊருன்னு தெரியாமயே. 2019ல திருப்பி அனுப்புனாங்க. முப்பத்தேழு வருஷம். ஊர்ல மேளதாளத்தோட வரவேத்த வீடியோ பாத்து அன்னிக்கு ஆபீஸ் பாத்ரூம்ல போயி அழுதேன். ஆனா ஒண்ணு சொன்னா திட்டாதீங்க, அந்த காலி எடத்தப் பாத்தப்ப எனக்குக் கொஞ்சம் வெறுமையாவும் இருந்துச்சு.

#18 கல்வெட்டுப்பைத்தியம்

அக்கா யாரும் திட்ட மாட்டாங்க. அந்த பாண்டிச்சேரி போட்டோ பெட்டிதான் உண்மையான ஹீரோ. ஆக்ஸ்ஃபோர்ட் அஷ்மோலியன் மியூசியத்துல ஒரு திருமங்கை ஆழ்வார், 1967ல ஏலத்துல வாங்குனது. கும்பகோணம் பக்கம் சுந்தரபெருமாள்கோவில்ல 1957ல எடுத்த போட்டோவுல அவரே நிக்கறாரு. 2024 மார்ச் 11ஆம் தேதி திருப்பிக் குடுக்கலாம்னு யுனிவர்சிட்டி முடிவு எடுத்துச்சு. கைல வாளும் கேடயமும் வச்சுக்கிட்டு வழிப்பறி பண்ணி பெருமாள் கைங்கர்யம் செஞ்ச ஆழ்வாரு, அவரையே ஒருத்தன் வழிப்பறி பண்ணிட்டான் பாருங்க.

அதனால புது வரவுன்னு எந்த மியூசியம் போஸ்டர் ஒட்டுனாலும் நான் மொதல்ல கேக்கறது அது எந்த வருஷம் யாருகிட்டேர்ந்து வாங்குனதுன்னுதான். அத சொல்லாம ரெண்டு பக்கத்துக்கு அழக மட்டும் வர்ணிச்சிருந்தா எனக்கு வயித்தக் கலக்கும். ரோதான் தெரியும்ல, பிரெஞ்சு சிற்பி, அவரு திருவாலங்காட்டு நடராஜர நேர்ல பாத்ததே கெடயாது, மெட்ராஸ்லேர்ந்து போன போட்டோவ வச்சே 1913ல உருகி உருகி எழுதிட்டாரு. உருகறதுக்கு போட்டோ போதும், வாங்கறதுக்கு சீட்டு வேணும்.

#19 டீக்கடைபெஞ்சு

ரெவின்யூ சார், அந்த மனசு கஷ்டப்படற கதைய சொல்லாமயே போயிட்டீங்களே

#20 பழைய_ரெவின்யூ

தூக்கம் வரல, சொல்லிடறேன். என் ரெண்டாவது கேஸ். வாழைத்தோப்புல அஞ்சு சிலை. பக்கத்துல ஒரு சின்ன சிவன் கோயில், ஒரு கால பூஜை, அந்தக் கோயிலோடதுதான்னு முடிவாயி கோயிலுக்கே குடுக்கச் சொல்லி உத்தரவு. ஊரே சந்தோஷம். ஆனா கோயில் கதவுக்குப் பூட்டே சரியில்ல, இரும்புக் கதவு இல்ல, ராத்திரி காவல் இல்ல. அதனால "பாதுகாப்பு கருதி" சிலை பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. திருவாரூர், கும்பகோணம் இப்படி பல எடத்துல மையம் இருக்கு, உள்ள ஆயிரக்கணக்குல சாமி. எங்க ஊர் சாமியும் அதுல ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவ திருவிழாவுக்கு எழுதிக் குடுத்து வாங்கிட்டு வரலாம், போலீஸ் பந்தோபஸ்து வேணும், வண்டிச் செலவு வேணும். மொத ரெண்டு வருஷம் வாங்கிட்டு வந்தாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. கான்பெர்ராலேர்ந்து அத்தன பாடுபட்டு வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரே கும்பகோணம் மையத்துக்குத்தான் போனாரு.

மியூசியத்துல இருக்கற அம்மனுக்கு பூ இல்லன்னாலும் பாக்க ஜனம் வருது. இந்த அஞ்சு பேருக்கு பூவும் இல்ல ஜனமும் இல்ல. பீரோல வச்ச மாதிரி. நான் அன்னிக்கு எழுதுன ஃபைல்ல "கோயிலுக்கே ஒப்படைக்கலாம்"னு பரிந்துரை பண்ணது நான்தான். தப்பா சரியான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

#21 மோர்க்குழம்பு

சார்... இது எனக்குத் தெரியாது. நான் இத யோசிக்கவே இல்ல.

#22 கல்வெட்டுப்பைத்தியம்

பாதுகாப்பு வேண்டாம்னும் சொல்ல முடியல. சிவபுரம் நடராஜர் கதை தெரியும்ல? 1951ல வயல்ல கெடச்சாரு, கோயிலுக்கே குடுத்தாங்க. 1954ல ரிப்பேருக்குன்னு வெளிய போனாரு, திரும்பி வந்தது டூப்ளிகேட். வருஷக்கணக்கா ஊரு டூப்ளிகேட்டுக்குத்தான் தீபாராதனை காட்டுச்சு. நிஜம் கைமாறி கைமாறி 1973ல அமெரிக்காவுல நார்ட்டன் சைமன்ங்கற கலைப்பொருள் சேகரிப்பாளர் கைக்குப் போயி, கேஸ் நடந்து, 1986ல தான் திரும்புனாரு.

பத்தூர் நடராஜர் இன்னொண்ணு. 1976ல ஒரு கூலிக்காரர் மண்ணுல கண்டெடுத்து வித்தது லண்டன் வரைக்கும் போயிடுச்சு. இடிஞ்சு கெடந்த கோயிலே வழக்காடலாம்னு லண்டன் கோர்ட்ல ஒத்துக்கிட்டாங்க, 1991ல சாமி வந்துட்டாரு.

#23 மெழுகுக்கரு

தஞ்சாவூர் கலைக்கூடம் ஆரம்பிச்ச கதையும் இதுல வரணும். கரந்தையில ஒரு பிரம்மா சிலை சும்மா கெடந்துச்சு, அத கல்கத்தா கொண்டு போகணும்னு ஒருத்தர் கேட்டாரு, ஊர் ஜனம் விட மாட்டோம்னுடுச்சு. அப்ப இருந்த கலெக்டர் சரி இங்கயே அரண்மனையில வைப்போம்னு 1951ல ஆரம்பிச்சதுதான். திருவெண்காட்டு ரிஷபவாகனர் அங்கதான் இருக்காரு, தலையில பாம்பு சுத்துன தலைப்பாகையோட ஒய்யாரமா காளை மேல சாஞ்ச மாதிரி கை, காளைதான் இல்ல. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பஸ்ஸுல ஒரு மணி நேரம், வேலைல சந்தேகம் வந்தா போயி பாத்துட்டு வந்துருவோம். எல்லாத்தையும் மெட்ராஸ்ல கொண்டு போயி வைக்காம ஜில்லாவுக்கு ஒண்ணு இப்படி வச்சா, நல்லா காவலோட, ஊர்க்காரங்களும் சைக்கிள்ல போயி பாக்கலாம்ல.

#24 அடிலெய்ட்_அக்கா

கீழடியில அப்படித்தான பண்ணாங்க. 2023 மார்ச்ல மியூசியம் தொறந்தாங்க, தோண்டுன ஊருலயே. நான் லீவுக்கு வந்தப்ப போனேன், அந்த ஊர்ப் பசங்க "இது எங்க தாத்தா தென்னந்தோப்புல கெடச்சது"ன்னு சொல்லிக்கிட்டே பாக்குதுங்க.

#25 செம்பருத்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெவின்யூ சார் கதைய பாட்டிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அந்த அஞ்சு சாமிக்கும் பேரு என்னன்னு அவர கேளு"ன்னாங்க. எதுக்குன்னு கேட்டா, "சாயந்திரம் வெளக்கேத்தும்போது சொல்லிக்கறேன்"ங்கறாங்க.

#26 பழைய_ரெவின்யூ

சோமாஸ்கந்தர், தனி அம்மன், பிள்ளையார், சந்திரசேகரர், மாணிக்கவாசகர். மாணிக்கவாசகர் கையில இருக்கற ஓலைச்சுவடியில எழுத்து இருக்குமான்னு அன்னிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன். மண்ணு ஒட்டியிருந்துச்சு, படிக்க முடியல.

#27 மோர்க்குழம்பு

நான் நாளைக்கு எழும்பூர் போறேன். பதினஞ்சு வருஷமா அந்தப் பக்கமா பஸ்ஸுல போறேன், ஒரு நாளும் எறங்குனதில்ல. பீடத்துல ஓட்டை இருக்கான்னு பாக்கணும்.

#28 கல்வெட்டுப்பைத்தியம்

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மியூசியம் லீவு. சனிக்கிழமை காலைல ஒம்போதரைக்குப் போங்க, வெயிலுக்கு முன்னாடி. நானும் வர்றேன்.